அம்மா கழுவிய கடல்

ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

ஃபோனில் இரண்டு நிமிடத்தில் சொல்லக்கூடிய விஷயத்துக்குக் கடிதம் எழுதி உன் நேரத்தைத் தின்பதற்கு முதலில் மன்னித்துவிடு. நம் வீட்டில் இருப்பது ஒரே அறை. நான் ஃபோனைக் காதில் வைத்தால் அம்மா என் வாயையே பார்ப்பாள். தவிர, ஃபோன் என்றால் எனக்கு வார்த்தை தொண்டையிலேயே நின்றுவிடும். காகிதத்தில் அப்படி நிற்பதில்லை. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? மாமா லாரியோடு போய்விட்டாரா, வீட்டில்தானா?

இங்கே நலம். அதாவது, உடம்பு நலம். பல் டாக்டர் கிளினிக்கை மூடிவிட்டார். "நடுங்குற கையோட பல்லைப் புடுங்கினா நாக்குதான்மா வரும்" என்று சிரித்துக்கொண்டே அம்மாவிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டாராம். இருபத்திரண்டு வருடம் அம்மா கூட்டித் துடைத்த இடம். வீட்டுக்கு வந்தவள் மூன்று நாட்கள் நம் வீட்டைக் கழுவினாள். நான்காம் நாள் கழுவ எதுவும் மிச்சமில்லை. இப்போது ஜன்னலோர நாற்காலியில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், யாரோ பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டுப்போன கைகள் மாதிரி.

விஷயம் இதுதான். கிளினிக்கில் நோயாளிகள் காத்திருக்கும் அறையில் கடல்மீன் தொட்டி ஒன்று இருந்ததே, அதை நான் வாங்கிவிட்டேன். பள்ளிக்கூடம் விட்டதும் அதன் முன்னால் உட்கார்ந்துதான் நான் வீட்டுப்பாடம் எழுதுவேன். மீன் உன்னைப் பார்த்துப் பழிப்புக் காட்டுகிறது என்று நீ அதோடு சண்டை போடுவாய். நான்கடி நீளம். ஒரு ஜோடி கோமாளி மீன், ஒரு இறால், பாறைகள், பாறைகளின் மேல் பவளங்கள். தொட்டி பழையது, நான்தான் இதற்குப் புதிது. ஆனால் ஒரு மாதமாக நூலகத்தில் இதைத்தான் படிக்கிறேன். நாள் முழுக்க ஊர்க் குடிநீரைப் பரிசோதிக்கும் வேலையில் இருப்பவளுக்கு முந்நூறு லிட்டர் தண்ணீரைப் பார்த்துக்கொள்ள முடியாதா? முடியும்.

நேரம் கிடைத்தால் இரண்டு வரி போடு.

உன்
சுண்டெலி

ஜூன் 24

அடியே சுண்டெலி,

எப்படி இருக்கே? அம்மா ஒழுங்கா சாப்பிடுதா? நான் பேசுற மாதிரிதான் எழுதுவேன். படிச்ச தமிழ் உன்கிட்டயே இருக்கட்டும், நான் எட்டாவதோட மூட்டை கட்டினவ.

நிக்க இடமில்லாத வீட்ல நீந்த இடம் வாங்கியிருக்கே! கட்டிலை எங்க போடுவே? மீனுக்குக் கட்டில், உங்க ரெண்டு பேருக்கும் தரையா? மாமாகிட்ட சொன்னேன். "உன் தங்கச்சி கடைசில வாயைத் திறந்து ஒண்ணு வாங்கியிருக்கா, அதுவும் ஊமைப் பிராணியா?"னு ஒரே சிரிப்பு.

சரி, இப்ப என் விஷயம். எனக்கு மூணாம் மாசம். ஜனவரியில பிறக்கும்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. மாமா ரெண்டு நாள் தலைகால் புரியாம ஆடினாரு, மூணாம் நாள் லோடு வந்திருச்சு, கிளம்பிட்டாரு. மாசத்துல இருபது நாள் அவரு ரோட்டுலதான்.

அதனால நீ ஒண்ணு செய். அம்மா சும்மாதானே உக்காந்திருக்கு, இங்க அனுப்பிரு. எனக்குத் துணையாச்சு, அது கைக்கும் வேலையாச்சு. வந்தா ஒரேயடியா இங்கயே இருந்துரட்டும். நீ உத்தியோகம் பாக்குறவ, ஹாஸ்டல்ல சேந்துக்கலாம். யோசிச்சு எழுது.

உன் அக்கா

ஜூலை 6

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். மூன்றாம் மாசம் என்ற இடத்தை மட்டும் நான்கு தடவை படிக்கச் சொன்னாள். பிறகு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். நீ இரும்பு மாத்திரையை மறக்காமல் போடு. தையல் மிஷினில் தொடர்ந்து உட்காராதே, மணிக்கு ஒரு தடவையாவது எழுந்து நட.

தொட்டி வந்து சேர்ந்துவிட்டது. கட்டிலை ஜன்னல் பக்கம் தள்ளினோம், இடம் இருக்கிறது. பழைய தண்ணீரை டிரம்களில் பிடித்து, மீன்களை மூடி போட்ட வாளியில் தனியாக வைத்து, பாறைகளைப் பெரிய டிரம்மிலும் சிறிய டிரம்மிலும் மூழ்கவைத்துக் கொண்டுவந்தேன். இந்தப் பாறைகள் வெறும் கல் இல்லை, அக்கா. மீன் கழிவு தண்ணீரில் நஞ்சாகும். அந்த நஞ்சைத் தின்னும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் பாறையின் துளைகளில் குடியிருக்கின்றன. பாறை செத்தால் தொட்டி செத்துவிடும்.

வந்த இடத்தில் பெரிய டிரம்மில் இருந்த பாறைகள் எல்லாம் கழுவப்பட்டுவிட்டன. அதனால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. பயப்பட ஒன்றுமில்லை. எனக்கு வழி தெரியும்.

மாமாவைக் கேட்டதாகச் சொல்.

உன்
சுண்டெலி

ஜூலை 15

அடியே,

கல்லு "கழுவப்பட்டுவிட்டன"வா? யாருடி கழுவினது? ஆளில்லாம தானா போய்க் குளிச்சிட்டு வந்துச்சா? நீ சின்ன வயசுல கண்ணாடியை உடைச்சிட்டு "உடைஞ்சு போச்சு"னு வந்து நிப்பியே, அதே மூஞ்சிதான் இந்தக் கடிதத்துல தெரியுது. ஒழுங்கா முழுசா எழுது.

எனக்கு வாந்தி குறைஞ்சிருக்கு. இரும்பு மாத்திரை போட்டா நாக்குல ஆணியை வச்ச மாதிரி இருக்கு, ஆனாலும் போடறேன். அம்மாவை எப்ப அனுப்புறே? கேட்டதுக்குப் பதிலே இல்ல.

உன் அக்கா

ஆகஸ்ட் 2

அன்புள்ள அக்காவுக்கு,

உன் உடம்பு தேறியதில் சந்தோஷம். கேட்டுவிட்டாய், சொல்கிறேன்.

தொட்டியின் இரும்பு ஸ்டாண்டை எடுத்துவர இரண்டாவது தடவை கிளினிக்குக்குப் போனேன். திரும்பி வந்தால் வாசல் சுவரின்மேல் பாறைகள் வரிசையாக வெயிலில் காய்கின்றன. எல்லாம் வெள்ளை வெளேர் என்று. அம்மா முட்டிவரை நனைந்து, கையில் பிரஷ்ஷோடு நிற்கிறாள்.

"பாரு, எத்தனை வருஷத்து அழுக்கு! டாக்டர் ஒரு நாளும் என்னை உள்ள கை வைக்க விட்டதில்ல. பிளீச்சிங் பவுடர் போட்டு ஊறவச்சு, மூணு தடவை அலசினேன். பல்லு மாதிரி இருக்கு பாரு!"

கிளினிக் மூடிய பிறகு அவள் முகம் மலர்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். "நல்லா இருக்கும்மா" என்றேன். வேறு எதைச் சொல்ல முடியும், நீயே சொல்.

சிறிய டிரம்மின் மூடி இறுகியிருந்ததால் அவளால் திறக்க முடியவில்லை. அதற்குள் இருந்த மூன்று பாறைகளும் அவற்றின் பவளங்களும் பிழைத்தன. மறுநாள் எங்கள் பரிசோதனைக் கூடத் தலைவரிடம் போய், குளோரினை முறிக்கும் உப்பு கொஞ்சம் வேண்டும், இன்ன காரணத்துக்கு, இத்தனை கிராம் என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். வேலைக்குச் சேர்ந்த பிறகு நான் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான். "உனக்குக் குரல் இருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார்.

கழுவிய பாறைகளை அந்த உப்புத் தண்ணீரில் முக்கி எடுத்து, உயிருள்ள மூன்றையும் நடுவில் வைத்திருக்கிறேன். அவற்றிலிருந்து மற்றவற்றுக்கு உயிர் பரவ வேண்டும். இரண்டு மாதமாவது ஆகும். அதுவரை நஞ்சை நான்தான் இறைக்க வேண்டும். தினமும் சோதனைக் குழாயில் தொட்டித் தண்ணீர் எடுத்து மருந்துச் சொட்டு விடுகிறேன். மஞ்சளாக நின்றால் நல்லது, பச்சையானால் நஞ்சு. ஐந்தாம் நாள் கரும்பச்சை. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. வேலைக்குப் போகும் முன் இரண்டு வாளி, வந்த பின் இரண்டு வாளி, கடலுப்பு கரைத்த புதுத் தண்ணீர் மாற்றுகிறேன். இறால் செத்துப்போனது. அம்மா பார்ப்பதற்குள் எடுத்துவிட்டேன். மீன்கள் பிழைக்கும். பிழைக்க வைப்பேன்.

இது எதுவும் அம்மாவுக்குத் தெரியாது. ஃபோனில் மூச்சு விட்டுவிடாதே.

உன்
சுண்டெலி

செப்டம்பர் 4

சுண்டெலி,

உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஒரு தப்புப் பண்ணிட்டேன்.

நேத்து ஃபோன் போட்டேன். அம்மா ஒரே பெருமை. "டாக்டர் இப்ப வந்து பாத்தா அசந்துபோவாரு, கல்லெல்லாம் அப்படிப் பளபளன்னு ஆக்கிட்டேன்"னு. எனக்குச் சிரிப்பை அடக்க முடியல. "ஆமா, நீ கழுவின கழுவுல இறால் சொர்க்கத்துக்கே போயிருச்சு"ன்னுட்டேன். வாயில வந்திருச்சுடி. அப்புறம் "சரி, உடம்பைப் பாத்துக்க"னு வச்சிருச்சு.

என் வாயைத்தான் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவணும். என்ன ஆச்சுன்னு உடனே எழுது.

உன் அக்கா

செப்டம்பர் 25

சுண்டெலி,

மூணு வாரம் ஆச்சு. ஃபோன் போட்டா அம்மா "நல்லா இருக்கோம்"னு ஒத்தை வார்த்தையோட வச்சிருது. நீ எடுக்கவே மாட்டேங்கிற. திட்டியாவது எழுது. நீ திட்டி நான் பாத்ததே இல்ல, அதையும் பாத்துரலாம்.

குழந்தை உதைக்க ஆரம்பிச்சிருச்சு. உங்க ரெண்டு பேர்கிட்டயும் சொல்லணும்னு இருந்தேன்.

உன் அக்கா

அக்டோபர் 5

அன்புள்ள அக்காவுக்கு,

குழந்தை உதைக்கிறது என்று அம்மாவிடம் சொன்னேன். "அவளை மாதிரியே பொறுமை கெட்டது" என்றாள். நீ கால்களை உயர்த்தி வைத்துப் படு, வீக்கம் இருந்தால் டாக்டரிடம் காட்டு.

எழுதாததற்குக் காரணம் முதலில் கோபம். பிறகு வெட்கம். நீ ஒரு நிமிடத்தில் சொன்னதை நான் இரண்டு மாதமாகச் சொல்லவில்லையே என்று.

அன்று நான் வேலையிலிருந்து வந்தபோது அம்மா நாற்காலியில் இல்லை. தொட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"நான்தானா?" என்றாள்.

"இல்லம்மா, வண்டியில குலுங்கினதுல..."

"பொய் சொல்லாத. உனக்குப் பொய் சொன்னா காது சிவக்கும்."

முழுவதையும் சொன்னேன். மூன்றாம் நாள் காலையில் "அந்தக் கண்ணாடிக் குழாயைக் கொண்டா" என்றாள். சொட்டு விட்டேன். நிற அட்டையோடு சேர்த்துப் பிடித்து, நான் இந்தக் கட்டம் என்று காட்டினேன்.

"கண்ணு எங்க வச்சிருக்க? இது அதுக்கு அடுத்த கட்டம். கொஞ்சம் நீலம் ஓடுது பாரு."

பல் டாக்டர்கள் பொய்ப்பல் கட்டுவதற்கு முன்னால் நிறம் பார்க்க மாதிரிப் பற்கள் வைத்திருப்பார்கள், பதினாறு நிறங்கள். எல்லாமே வெள்ளைதான், ஒன்றுக்கொன்று இம்மி வித்தியாசம். தினமும் மாலையில் அவற்றைக் கழுவி வரிசையாக அடுக்கிவைத்தது யார் என்று நினைக்கிறாய்? "பதினாறு வெள்ளையைப் பிரிச்சுப் பாத்த கண்ணுடி இது. பச்சை என்ன பெரிய பச்சை!" என்றாள்.

அன்றிலிருந்து சோதனை அவள் வசம். நான் வாளி தூக்குகிற ஆள். நடுவில் பாறை மேல் பழுப்பாகப் பாசி படர்ந்தது. புதுத் தொட்டியில் அது வரத்தான் வரும், தானே போய்விடும். அதைப் பார்த்துவிட்டு, "கை துருதுருங்குது, பிடிச்சுக்கோ" என்று என்னிடம் கையை நீட்டினாள். நான் பிடித்துக்கொண்டேன். அப்படியே உட்கார்ந்து பாசியைப் பார்த்தோம். போன வாரம் குழாய் மஞ்சளாகவே நின்றது. தொடர்ந்து மூன்று நாட்கள் மஞ்சள். வெள்ளைப் பாறை ஒன்றில் மிளகு அளவுக்கு ஊதாப் புள்ளி வந்திருக்கிறது. உயிர் ஒட்டிவிட்டது என்று அர்த்தம். "இதுவும் அழுக்கு மாதிரிதான் இருக்கு. சரி, அழுக்கு வாழ்க" என்றாள்.

மீன்கள் இரண்டும் நலம். உன்மேல் யாருக்கும் கோபமில்லை.

உன்
சுண்டெலி

அக்டோபர் 19

அடியே சுண்டெலி,

உன் கடிதத்தைப் படிச்சு அழுதேன், அப்புறம் சிரிச்சேன். பக்கத்து மிஷின்காரி என்னன்னு கேட்டா. "எங்கம்மா கண்ணு"ன்னேன், அவளுக்கு ஒண்ணும் புரியல.

மீனும் பொழைச்சிருச்சு, அம்மாவும் தேறிருச்சு. நல்லதாப் போச்சு. இனி நேராவே சொல்றேன். ஜூன்லேருந்து கேக்கிறேன், நீ மீனைப் பத்தியே எழுதுறே. அதனால அடுத்த மாசம் முதல் ஞாயித்துக்கிழமை நானே ஃபோன்ல அம்மாவைக் கேட்டுர்றேன், பொட்டியைக் கட்டிக்கிட்டு வான்னு. மாமா ஜனவரியில வீட்ல இருப்பேங்கிறாரு. லாரிக்காரர் சொல்ற தேதி உனக்குத் தெரியாதா.

நான் தைரியமானவன்னு எல்லாரும் சொல்றாங்க. நானும் சொல்லிக்கிறேன். ஆனா நேத்து காலைல ரெண்டு மணி நேரம் குழந்தை அசையவே இல்ல. வயித்துல கையை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அப்புறம் அசைஞ்சிருச்சு. அந்த ரெண்டு மணி நேரமும் இன்னொரு கை இருந்தா நல்லா இருக்கும்னு இருந்துச்சு. அவ்வளவுதான்.

உன் அக்கா

அக்டோபர் 26

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் உன் உடம்பு. இனிமேல் குழந்தை ஒரு மணி நேரம் அசையாவிட்டாலும் காத்திருக்காதே, உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. இந்தக் கடிதம் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் உன் கைக்கு வந்துவிடும் என்று நம்புகிறேன்.

நீ கேட்டதற்கு நான் ஏன் பதில் எழுதவில்லை என்றால், பதில் என்னிடம் ஜூன் மாதமே இருந்தது. எழுதத்தான் தைரியம் இல்லை. தொட்டியை எனக்காக வாங்கினேன் என்று நினைத்திருப்பாய். அம்மாவுக்காக வாங்கினேன். அவள் பார்த்துக்கொள்ளாவிட்டால் உயிர்விடக்கூடிய ஒன்று வீட்டில் இருந்தால் அவள் நாற்காலியைவிட்டு எழுந்துவிடுவாள் என்று நினைத்தேன். நீ அழைத்த பிறகு, இது இருந்தால் என்னோடும் இருந்துவிடுவாள் என்று நினைத்தேன். இரண்டாவதாக நினைத்தது சுயநலம். தெரியும்.

போன வாரம் தொட்டிக்குக் கடலுப்பு வாங்க வளர்ப்பு மீன் கடைக்கு அம்மாவையும் கூட்டிப்போனேன். கடைக்காரர் ஒரு குழாயை வெளிச்சத்தில் ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா பக்கத்தில் போய், "தண்ணியை மாத்துங்க தம்பி, கெட்டுக்கிட்டு வருது" என்றாள். அவர் சிரித்தார். பிறகு வேறு மருந்து விட்டுப் பார்த்தார், சிரிப்பு நின்றுவிட்டது. "அம்மா, கடையில நாப்பது தொட்டி இருக்கு. என் கண்ணுக்கு எல்லாம் ஒரே பச்சை. தினமும் காலைல ரெண்டு மணி நேரம் வந்து பாத்துச் சொல்றீங்களா?" என்று கேட்டார். துடைக்க அல்ல, அக்கா. பார்த்துச் சொல்ல.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றாள் அம்மா. தன்னிடம் யாரும் யோசிக்கும்படி எதுவும் கேட்டதில்லை என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்ததும் பரணிலிருந்து பெரிய பையை இறக்கித் துவைத்தாள்.

"எதுக்கும்மா பை?"

"பெரியவ பேச்சைப் பாத்தா கூப்பிடப்போறா. கூப்பிட்டா போகாம இருக்க முடியுமா?"

"கடைக்காரருக்கு என்ன சொல்ல?"

"அவரு என்ன, நாப்பது தொட்டிக்கு நாப்பது பேர் கிடைப்பாங்க" என்றாள். பையை இரண்டு தடவை பிழிந்தாள். மூன்றாவது தடவையும் பிழிந்தாள்.

அப்பா இறந்த வருடம் நீ தையல் மிஷினுக்குப் போனாய், நான் பள்ளிக்கூடம் போனேன். புத்தகம், பேனா, கல்லூரிக் கட்டணம் எல்லாம் நான் கேட்பதற்கு முன்பே உன்னிடமிருந்து வந்தன. அதனால் உன்னிடம் எதையும் கேட்க நான் பழகவே இல்லை. இதுதான் முதல் தடவை.

உனக்கு இன்னொரு கை வேண்டும். அது உன் உரிமை. இங்கே இரண்டு ஜோடிக் கைகள் இருக்கின்றன. ஆஸ்பத்திரி இரண்டு நிறுத்தம் தள்ளி, பிரசவ வார்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தேன். ஏழாம் மாதம் முடிவதற்குள் ரயிலில் வரலாம் என்றார் அங்கிருந்த டாக்டர், ஆனால் உன் டாக்டரிடமும் கேட்டுக்கொள் என்றார். நீ சரி என்றால் நானே வந்து உன்னைக் கூட்டிவருகிறேன், விடுப்புக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். ஜன்னலோரக் கட்டில் உனக்கு. நான் தொட்டிப் பக்கம் தரையில் படுத்துக்கொள்வேன். எத்தனை மாதம் வேண்டுமானாலும் இரு. அதன் பிறகு யாரோடு இருப்பது என்பதை அம்மா யோசித்துச் சொல்லட்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஃபோன் செய். அம்மாவிடம் நலம் விசாரி, குழந்தை உதைப்பதைச் சொல். நீ கூப்பிட்டால் அவள் மறுக்கமாட்டாள், நம் இருவருக்கும் அது தெரியும்.

அதனால், அக்கா, கூப்பிடாதே. நீ வா.

உன்
சுண்டெலி